கோபிக்கு 25-ஆம் இடமா?

கேள்வி: நான் கோபி பிரையன்ட்டின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கூடைப்பந்துக்கே வந்தேன். என் தம்பி லெப்ரான் ஜேம்ஸ் பக்கம். ஒவ்வொரு அக்டோபரிலும் என்பிஏ சீசன் தொடங்கும் முன்னால் ஊடகங்கள் வீரர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடும். எங்கள் வீட்டில் சண்டையும் தொடங்கிவிடும். 2013-இல் இஎஸ்பிஎன் கோபியை 25-ஆம் இடத்தில் வைத்ததைத் தம்பி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான். ஐந்து முறை கோப்பை வென்றவர், ஒரே ஆட்டத்தில் 81 புள்ளி எடுத்தவர். அவரை 25-ஆவது என்று சொல்ல, பந்தையே தொடாத பத்திரிகைக்காரர்களுக்கு என்ன தகுதி? வீரர்களே வரிசைப்படுத்தினால் நியாயமாக இருக்காதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த 25 எனக்கும் வலித்தது. கோபி ஆடுவதைப் பார்ப்பதற்காகவே விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் உங்கள் தம்பிக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்த ஆண்டு நடந்ததை முதலிலிருந்து பார்த்துவிடுவோம்.

2013 ஏப்ரல் 12. கோல்டன் ஸ்டேட் அணியோடு ஆட்டம். தம் அணியான லேக்கர்ஸை ப்ளே-ஆஃபுக்குள் தள்ளிவிட வேண்டும் என்று 34 வயதில் இரவுக்கு இரவு 40 நிமிடத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த கோபிக்கு அன்று அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. அறுந்த காலோடு கோட்டருகே நின்று இரண்டு ஃப்ரீ த்ரோவையும் கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் வெளியே நடந்தார். அந்த சீசனில் அவர் சராசரி 27.3 புள்ளி. சீசன் முடிந்ததும் ஊடகக்காரர்கள் வாக்களித்து அறிவித்த ஆல்-என்பிஏ முதல் அணியில் அவர் பெயர் இருந்தது. அந்த அணியில் ஐந்தே பேருக்குத்தான் இடம். ஆக, மே மாதத்தில் உலகின் முதல் ஐவரில் ஒருவர், அக்டோபரில் 25-ஆவது. இரண்டையும் சொன்னவர்கள் கூடைப்பந்தைப் பற்றி எழுதிப் பிழைக்கும் ஒரே கூட்டத்தார்தான். ஐந்து மாதத்தில் அவர்களுக்குக் கண் கெட்டுவிடவில்லை. அவர்களிடம் கேட்ட கேள்வி மாறிவிட்டது.

மே மாத வாக்கு, நடந்து முடிந்த சீசனில் யார் எப்படி ஆடினார் என்பதைப் பற்றியது. அக்டோபர் பட்டியல், வரப்போகும் சீசனில் யார் எவ்வளவு ஆடுவார் என்ற கணிப்பு. 35 வயது, அறுந்து தைத்த அக்கிலிஸ், எப்போது திரும்புவார் என்றே தெரியாத நிலை: இப்படி ஒருவருக்கு எந்த இடம் கொடுப்பது? லேக்கர்ஸ் மேற்குப் பிரிவில் 12-ஆவதாக முடியும் என்றும் அதே நிறுவனத்தின் கணிப்பு சொன்னது. கோபி தம் ட்விட்டர் முகப்புப் படத்தையே ‘1225’ என்று மாற்றிக்கொண்டார். 12 அணிக்கு, 25 தமக்கு. அந்த வைராக்கியத்தைப் பார்த்துத்தானே அவரை நேசித்தோம்! ஆனால் டிசம்பரில் திரும்பி வந்தவர் ஆறு ஆட்டம் மட்டுமே ஆடினார். முழங்கால் எலும்பு முறிந்தது. லேக்கர்ஸ் 27 வெற்றி, 55 தோல்வியோடு 14-ஆம் இடத்துக்குப் போனது. கணிப்பு என்ற அளவில் அந்தப் பட்டியல் கோபியிடம் தாராளமாகவே நடந்துகொண்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்காகப் பட்டியல் போட்டவர்களை முழுக்க விட்டுவிட மாட்டேன். கணிப்பு என்றால் தலைப்பிலேயே கணிப்பு என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். ஒருவர் 17 ஆண்டு ஆடிய ஆட்டத்துக்கு மார்க் போட்டது போல வாசகர் எடுத்துக்கொள்வார் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்குச் சில பெயர்களாக அவிழ்த்து, சண்டை வளரட்டும் என்று விடுவதும் தெரிந்தே செய்வதுதான்.

வீரர்களே வாக்களித்தால்? அதுவும் நடந்து பார்த்த காரியம்தான். 1980 வரை என்பிஏவின் எம்விபி விருதுக்கு, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான விருதுக்கு, வாக்களித்தவர்கள் வீரர்களே. 1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லைன் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். இன்றுவரை யாரும் அதன் கிட்டே வந்ததில்லை. அதே சீசனில் ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்தார். எம்விபி யாருக்குப் போனது தெரியுமா? பில் ரஸ்ஸலுக்கு. அவருடைய பாஸ்டன் 60 ஆட்டங்களை வென்றிருந்தது. யாரை எதிர்த்து ஆடினால் ஜெயிப்பது கடினம் என்று வீரர்கள் தங்களையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். ஆனால் அதே வாக்கு இன்று வந்திருந்தால் வில்ட்டின் ரசிகர்கள் என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

2017-இல் இன்னொரு சோதனை. ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் முதலில் களமிறங்குபவர்களைத் தேர்ந்தெடுக்க ரசிகர்களுக்குப் பாதி, வீரர்களுக்குக் கால், ஊடகத்துக்குக் கால் என்று வாக்கைப் பிரித்தார்கள். ஜார்ஜியா நாட்டவரான ஸாஸா பச்சூலியா ரசிகர் வாக்கில் மேற்குப் பிரிவு முன்வரிசை வீரர்களில் இரண்டாவதாக வந்தார். நல்ல உழைப்பாளி, ஆனால் தம் அணியிலேயே நான்கு நட்சத்திரங்களுக்குப் பின்னால் நின்றவர். வீரர்களின் வாக்கு எப்படி இருந்தது? நூற்றுக்கணக்கான பெயர்களில் சிதறிக் கிடந்தது. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஓரிரு வாக்கு விழுந்திருந்தது. பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். பந்தைத் தொட்ட கை என்பதாலேயே அது நிதானமாக வாக்களித்துவிடாது.

எழுதுபவர்களும் தவறுவார்கள். எம்விபி விருதுக்கு 2000-இல் ஷகீல் ஓ’நீலுக்கும் 2013-இல் லெப்ரானுக்கும் 121 முதலிட வாக்கில் 120 கிடைத்தது. இரண்டு முறையும் ஒரே ஒருவர் மாற்றிப் போட்டார். ஊரே திட்டியது. காரணத்தைச் சொல்லி, தம் பெயரோடு நிற்கும் அந்த ஒருவரை நான் மதிக்கிறேன். இப்போது யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை என்பிஏவே வெளியிடுகிறது. இது நல்ல மாற்றம்.

யார் வாக்களித்தாலும் பட்டியலில் சிக்காதவர்களும் உண்டு. கோபியின் ரசிகரான உங்களுக்கு ஷேன் பேட்டியர் நினைவிருக்கும். ஹூஸ்டனுக்கு ஆடியவர். ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆகவில்லை. 2008-09 சீசனில் ஆட்டத்துக்கு ஏழு புள்ளி சொச்சம்தான். ஆனால் கோபியைக் காவல் காக்க ஹூஸ்டன் நம்பிய ஆள் அவர். பந்தைத் தட்டப் பாய மாட்டார். எறியும் நேரத்தில் கோபியின் கண்ணுக்கு நேரே உள்ளங்கையை நீட்டுவார். கோபிக்குப் பிடிக்காத இடத்திலிருந்து எறியும்படி ஒதுக்கி ஒதுக்கிக் கொண்டுபோவார். இந்த வேலை ஆட்டம் முடிந்ததும் அச்சாகும் புள்ளிக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் ஏறாது. 2009-இல் எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் இவரைப் பற்றி நீளமாக எழுதிய பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள். வரிசை எண்ணை வைத்து மட்டும் பேட்டியரைத் தேடியிருந்தால் கிடைத்திருக்க மாட்டார்.

களத்தில் ஒரு பக்கம் ஐந்தே பேர் என்பதால் முதல் மூன்று நான்கு பேருக்கும் மற்றவர்களுக்கும் இடையே பள்ளத்தாக்கே இருக்கும். 20-க்குக் கீழே போனால் சமவெளி. 25-ஆவது ஆளையும் 38-ஆவது ஆளையும் அணி மாற்றி ஆடவிட்டால் வரிசை தலைகீழாகலாம். அங்கே ஒன்றிரண்டு இடத்துக்காகத் தம்பியோடு சண்டை போடுவது வீண். 2021-இல் தன் 75-ஆம் ஆண்டுக்காகப் பெருவீரர்களைத் தேர்ந்தெடுத்த என்பிஏ, வரிசை எண்ணே போடவில்லை. கடைசி இடத்துக்கு வாக்கு சமமானதால் 76 பெயராயிற்று. அப்படியும் 2009 முதல் 2011 வரை தொடர்ந்து மூன்று முறை சிறந்த டிஃபன்ஸ் வீரர் விருது பெற்ற டுவைட் ஹவர்ட் அதில் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று உண்டு. ஆல்-என்பிஏ அணிகளில் இடம் கிடைத்தால் சில வீரர்களின் ஒப்பந்த உச்சவரம்பே உயரும். 2021-இல் பாஸ்டனின் ஜேசன் டேட்டம் சராசரி 26 புள்ளிக்கு மேல் எடுத்தும் மூன்று அணியிலும் இடம் பெறவில்லை. 19.5 கோடி டாலர் வரை போயிருக்கக்கூடிய அவருடைய ஐந்தாண்டு ஒப்பந்தம் 16.3 கோடியில் நின்றது. யாருடைய ஆட்டத்தைப் பற்றி எழுதி வயிறு வளர்க்கிறார்களோ, அவருடைய சம்பளத்தைத் தீர்மானிக்கும் வாக்கும் அவர்கள் கையில். இது சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் போன்ற நாளிதழ்கள் தங்கள் செய்தியாளர்களை இந்த விருதுகளுக்கு வாக்களிக்க விடுவதில்லை. மற்றவர்களும் அந்த வழிக்கு வர வேண்டும். பட்டியலில் ஓர் இடம் தவறினால் ரசிகருக்கு ஒரு நாள் வருத்தம். இந்த வாக்கு தவறினால் ஒருவருடைய உழைப்பின் கூலி போகிறது.

தம்பியிடம் ஒரு விஷயம் கேளுங்கள்: 2015 அக்டோபரில் இஎஸ்பிஎன்னின் அதே பட்டியல் கோபியை எங்கே வைத்தது? 93-ஆம் இடத்தில். அந்த சீசனில் அவர் எறிந்ததில் 36 சதவீதம்கூட உள்ளே போகவில்லை. லேக்கர்ஸ் 65 ஆட்டங்களில் தோற்றது. 2016 ஏப்ரல் 13, யூட்டா அணியோடு அவருடைய கடைசி ஆட்டம். 60 புள்ளி; அதில் 23 கடைசிக் கால்பகுதியில். பின்தங்கியிருந்த அணியை முன்னே இழுத்து 101-96 என்று ஜெயிக்க வைத்தார். அன்று அவர் 50 முறை எறிந்தார், 28 தவறின. அந்த ஆட்டத்தின் பதிவு முழுதாகக் கிடைக்கும். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே விழுந்ததை நீங்கள் எண்ணுங்கள், தவறியதைத் தம்பி எண்ணட்டும்.