விறகு அறுக்க எந்தச் சங்கிலி வாள் தகும்?

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் விறகுக்கு உதவும் மரங்களுள் கிரவிலியாவும் யூக்கலிப்டசும் முக்கியமானவை. இவற்றை அறுக்க நடுத்தரச் சங்கிலி வாள் வாங்க விரும்பும் கமக்காரர், இயந்திரத்தின் வலுவை மட்டும் நோக்குதல் போதாது. கட்டையின் பருமனையும் தாம் நின்று வேலை செய்யும் சரிவையும் கருதுதல் வேண்டும்.

1. 45 கன சென்ரிமீற்றர் வாள்: நிறை ஏறக்குறைய 5 கிலோ. 16 அங்குலப் பட்டை பூட்டினால் 14 அங்குலப் பருமனுள்ள கட்டை வரை எளிதில் அறுக்கும்.

2. 60 கன சென்ரிமீற்றர் வாள்: நிறை ஏறக்குறைய 6 கிலோ. 20 அங்குலப் பட்டையுடன் பருத்த யூக்கலிப்டசையும் விரைந்து அறுக்கும். ஆயின் பெற்றோல் செலவு மிகும். சரிவிலே கை விரைவிற் சோரும். கை சோர்ந்தவிடத்தே விபத்து நேரும்.

ஆதலின் வீட்டு விறகுக்கு முன்னையதே தகும்.

கவனிக்க வேண்டியவை:

• சங்கிலியை உடன் நிறுத்தும் தடுப்பு இல்லாத வாளை வாங்கற்க.
• நுவரெலியா 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவாதலின், காபரேற்றரைத் தேர்ந்தவரைக் கொண்டு சீர்செய்க.
• சீவலுக்குப் பதிலாகத் தூள் விழுமாயின் சங்கிலி மழுங்கியதென்று அறிந்து அரத்தால் தீட்டுக.
• பட்டையின் நுனி கட்டையிற் பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். நுனியால் அறுத்தல் ஆகாது.
• கட்டை உருளக்கூடுமாதலின், சரிவின் மேற்புறத்தில் நின்றே அறுக்க.