இரு போர்களுக்கு இடையே

நுழையும்முன்

முதல் உலகப்போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் முடிவுற்றது. இரண்டாம் உலகப்போர் 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொடங்கியது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 21 ஆண்டுகள். முதற்போரில் நான்கு ஆண்டுகள் போரிட்டும் பிரான்சை வீழ்த்த இயலாத ஜெர்மனி, இரண்டாம் போரில் ஆறே வாரங்களில் அந்நாட்டை வீழ்த்தியது. இடையில் மாறியவை படைக்கலங்கள் மட்டும்தாமா? ஒரே போரிலிருந்து வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு பாடங்களைக் கற்ற வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மண்ணுக்குள் புதைந்த போர்

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் போர்முனைக்குப் புறப்பட்ட வீரர்களுள் பலர், கிறிஸ்துமஸ் திருநாளுக்குள் வீடு திரும்பிவிடலாம் என நம்பினர். அவ்வாண்டின் இறுதியிலோ, சுவிட்சர்லாந்து எல்லை தொடங்கி வடகடல் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்திற்குப் பதுங்குகுழிகள் நீண்டு கிடந்தன. இரு தரப்பினரும் மண்ணுக்குள் புகுந்துகொண்டனர். இடையில் முள்கம்பி வேலிகளும் குண்டுகள் குடைந்த பள்ளங்களுமே இருந்தன.

இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் கொல்லும் ஆற்றலைப் பன்மடங்கு பெருக்கியிருந்தன. ஆனால், தாக்கச் செல்லும் வீரன் தன் முன்னோரைப் போலவே கால்நடையாகச் செல்ல வேண்டியிருந்தது. 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் தாக்குதலில் இறங்கிய பிரிட்டன் படையில், அந்த ஒரே நாளில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக 57,470 பேர் வீழ்ந்தனர். அவர்களுள் 19,240 பேர் உயிரிழந்தனர்.

பெரும் இழப்பிற்குப்பின் எதிரியின் அரணை ஓரிடத்தில் உடைத்தாலும் பயன் விளையவில்லை. தாக்குவோர் குண்டுகள் உழுத சேற்றில் நடந்து முன்னேறுவதற்குள், காப்போர் புதிய படைகளைத் தொடர்வண்டியில் கொண்டுவந்து உடைப்பை அடைத்துவிட்டனர். முன்னேறியவர்களோடு தொடர்புகொள்ளவும் வழியில்லை. தொலைபேசிக் கம்பிகள் குண்டுவீச்சில் அறுந்தன. ஓடிச் செல்லும் தூதுவரும் புறாக்களுமே செய்தி சுமந்தனர். உடைப்பை விரைந்து விரிவாக்குவது எவ்வாறு என்பதே தளபதிகள் முன் நின்ற வினாவாக அமைந்தது.

பாதி விடைகள் இரண்டு

போர் முடிவதற்கு முன்னரே இவ்வினாவிற்கு இரு விடைகள் தோன்றின. ஒன்று, பிரிட்டன் கண்ட டாங்கி என்னும் கவச ஊர்தி. 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அது முதன்முதலில் களமிறங்கியது. முள்கம்பியை மிதித்து, பதுங்குகுழியைத் தாண்டிச் செல்ல வல்லது அது. எனினும், மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தையே எட்டியது, அடிக்கடி பழுதுற்றது. 1917ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், காம்ப்ரே என்னுமிடத்தில் நானூற்றுக்கும் மேற்பட்ட டாங்கிகள் ஒருசேரத் தாக்கி ஜெர்மானிய அரணை உடைத்தன. முதல் நாளிலேயே அவற்றுள் நூற்று எழுபதுக்கும் மேற்பட்டவை செயலிழந்தன. பத்து நாள்களுக்குப்பின் தொடங்கிய எதிர்த்தாக்குதலில், பிரிட்டன் வென்ற நிலத்தின் பெரும்பகுதி பறிபோயிற்று.

மற்றொன்று, ஜெர்மானியர் வளர்த்த ஊடுருவல் முறை. தேர்ந்த வீரர்கள் சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து, வலிமையான இடங்களைத் தாக்காது அவற்றைச் சுற்றிக்கொண்டு, எதிரியின் பின்புலத்தை அடைவதே அம்முறை. 1918ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் தொடங்கிய தாக்குதலில் அவர்கள் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் முன்னேறினர். ஆனால் உணவும் வெடிபொருளும் பீரங்கிகளும் அவர்களைத் தொடர்ந்து செல்ல இயலவில்லை. களைத்த கால்கள் நின்றன, தாக்குதலும் நின்றது.

டாங்கிக்கு உடைக்கும் வலிமை இருந்தது; தொடர்ந்து ஓடும் ஆற்றல் இல்லை. ஊடுருவல் முறைக்குத் தெளிவான நோக்கு இருந்தது. ஏந்திச் செல்லும் ஊர்தி இல்லை. இவ்விரண்டையும் இணைப்பது யார் என்பதே போருக்குப் பிந்தைய ஆண்டுகளின் கேள்வியாயிற்று.

வென்றவர் கற்ற பாடம்

வெற்றி பெற்ற பிரான்ஸ் 13 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்திருந்தது. நினைவுத்தூண் இல்லாத சிற்றூரை அந்நாட்டில் காண்பது அரிது. இன்னொரு முறை இளைஞர்களை இவ்வாறு பலியிடக் கூடாது என்னும் உறுதி அரசியலாரிடமும் படைத்தலைவர்களிடமும் வேரூன்றியது. 1916ஆம் ஆண்டு வெர்டூன் கோட்டைகளைச் சுற்றிப் பத்து மாதங்கள் நடந்த போரில் தாக்குதலைத் தடுத்து நின்ற நினைவும் அவர்களிடம் இருந்தது. கற்காரையும் இரும்பும் உயிர்களைக் காக்கும் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

மதில் காக்கும் போரை நொச்சி என்றும், மதிலை வளைக்கும் போரை உழிஞை என்றும் புறப்பொருள் இலக்கணம் வகுக்கும். பிரான்ஸ் நொச்சியைத் தேர்ந்தது. 1930ஆம் ஆண்டு, போர் அமைச்சர் ஆந்திரே மாழினோவின் முயற்சியால் அரண் கட்டுவதற்கான நிதிச் சட்டம் நிறைவேறியது. ஜெர்மானிய எல்லை நெடுகிலும் நிலத்தடிப் பாசறைகளும் பீரங்கிக் கூண்டுகளும் அமைந்தன. மாழினோ அரண் எனப்பெயர் பெற்ற அது, லக்சம்பர்க் எல்லைக்கு அப்பால் அதே வலிமையோடு தொடரவில்லை. பெல்ஜியம் நட்பு நாடு. ஆர்டென் பகுதியின் காடும் குன்றும் இயற்கை அரண் எனக் கருதப்பட்டன.

பிரெஞ்சுப் படையின் பயிற்சியும் இவ்வெண்ணத்தை ஒட்டியே அமைந்தது. முதலில் பீரங்கி முழங்க வேண்டும். பின்னர்க் காலாட்படை அடியெடுத்து வைக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் மேலிடத்து ஆணை வர வேண்டும். டாங்கிகள் காலாட்படைக்குத் துணையாகப் பிரித்தளிக்கப்பட்டன. கவசப்படையைத் தனிப்படையாகத் திரட்ட வேண்டும் என 1934ஆம் ஆண்டு நூலெழுதிய சார்லஸ் டி கோல் என்னும் அதிகாரியின் குரல் செவிமடுக்கப்படவில்லை.

டாங்கியைப் படைத்த பிரிட்டனிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1927ஆம் ஆண்டு சாலிஸ்பரி சமவெளியில் டாங்கி, பீரங்கி, ஊர்தியேறிய காலாட்படை, விமானம் ஆகியவற்றை இணைத்து ஒரு சோதனைப்படையை அந்நாடு அமைத்தது. உலகின் படைத்துறையினர் அதனை உற்றுநோக்கினர். இரண்டு ஆண்டுகளுக்குள் அப்படை கலைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளுக்குப் பெரும்போர் வாராது என்னும் கணிப்பின் அடிப்படையிலேயே பிரிட்டன் அரசு 1919 முதல் படைச்செலவைத் திட்டமிட்டு வந்தது.

தோற்றவர் கற்ற பாடம்

1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியப் படையை ஓர் இலட்சம் பேருக்குள் அடக்கியது. டாங்கியும் போர் விமானமும் அந்நாட்டிற்கு மறுக்கப்பட்டன. பெருமையாகக் கட்டிக்காக்கப் பழைய படை எதுவும் எஞ்சவில்லை. படைத்தலைவர் ஹான்ஸ் வான் சீக்ட், போரின் பட்டறிவை ஆராய 57 குழுக்களை அமைத்தார். போரில் எழுந்த புதிய சூழல்கள் யாவை, பழைய கருத்துகள் அவற்றை எதிர்கொண்டனவா, புதிய நெறிகள் தேவையா என்பன போன்ற வினாக்களை அக்குழுக்கள் ஆராய்ந்தன. தோல்விக்குக் காரணம் தேடிய படை, தன்னையே வினவிக்கொண்டது.

ஊர்திகளின்மேல் அட்டையும் துணியும் போர்த்திப் பொய் டாங்கிகள் செய்து வீரர்கள் பயிற்சி பெற்றனர். சோவியத் நாட்டின் கசான் நகரருகே 1929 முதல் 1933 வரை மறைவான டாங்கிப் பள்ளி ஒன்றும் இயங்கியது. அயல்நாட்டார் எழுதிய படைத்துறைக் கட்டுரைகளை ஜெர்மானிய அதிகாரிகள் ஆழ்ந்து பயின்றனர். முதற்போரில் செய்தித்தொடர்புப் பிரிவில் பணியாற்றிய ஹைன்ஸ் குடேரியன், ஒவ்வொரு டாங்கியிலும் வானொலிக் கருவி வேண்டும் என வலியுறுத்தினார். டாங்கிகள் மட்டும் விரைந்தால் போதாது. காலாட்படையும் பீரங்கியும் பாலம் அமைக்கும் பொறியாளரும் அவற்றோடு அதே வேகத்தில் செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. 1935ஆம் ஆண்டு அக்டோபரில், இவ்வடிவில் மூன்று கவசப் படைப்பிரிவுகள் உருவாயின. அடைய வேண்டிய இலக்கை மேலதிகாரி உரைப்பார். அடையும் வழியைக் களத்தில் நிற்பவரே தெரிவு செய்வார் என்னும் ஜெர்மானியப் படைமரபு இவ்வேகத்திற்குத் துணைநின்றது.

கற்றும் இழந்த நாடு

சோவியத் நாடு இன்னும் தொலைநோக்கோடு சிந்தித்தது. மிகையில் துகாசெவ்ஸ்கி முதலானோர், எதிரியின் முன்வரிசையையும் பின்புலத்தையும் ஒரே வேளையில் தாக்கும் ஆழ்போர் முறையை வகுத்தனர். 1935ஆம் ஆண்டு கீவ் நகரருகே நடந்த ஒத்திகையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வான்குடை வழியே குதித்ததை அயல்நாட்டார் வியந்து நோக்கினர். ஆனால் 1937ஆம் ஆண்டு ஜூன் மாதம், பொய்யான தேசத்துரோகக் குற்றச்சாட்டில் துகாசெவ்ஸ்கி கொல்லப்பட்டார். ஸ்டாலினின் களையெடுப்பில் படை அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர் அல்லது சிறைப்பட்டனர். கருத்தை உரைத்தவரே துரோகி எனப்பட்டபின், அக்கருத்தைப் பேச எவரும் துணியவில்லை. 1941ஆம் ஆண்டு ஜெர்மனி படையெடுத்தபோது அந்நாடு அதற்குப் பேரிழப்பை விலையாகக் கொடுத்தது.

தெரிந்து தெளிவோம்

குண்டுவீச்சு விமானமே இனிப் போர்களை முடிவுசெய்யும் என இத்தாலியத் தளபதி ஜூலியோ தூவே 1921இல் எழுதினார். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஸ்பெயினின் கெர்னிகா நகரம் வான்தாக்குதலில் அழிந்ததைக் கண்டு உலகம் அஞ்சியது. பிரிட்டன் இதற்கு வேறொரு விடை தேடியது. 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், விமானத்தில் பட்டுத் திரும்பும் வானொலி அலைகளைக் கொண்டு அதன் வருகையை அறியலாம் என ராபர்ட் வாட்சன் வாட் சோதித்துக் காட்டினார். இதுவே ரேடார் அமைப்பின் தொடக்கம். கடற்கரை நிலையங்கள் கண்டறிந்த செய்தி, தொலைபேசி வழியே கட்டுப்பாட்டு அறைக்கும் அங்கிருந்து விமானிகளுக்கும் உடனுக்குடன் சென்றது. கருவியும் அதனைப் பயன்படுத்தும் ஒழுங்கும் இணைந்தமையால் 1940இல் பிரிட்டனின் வான்வெளி காக்கப்பட்டது.

சோதனைக் களம்

1940ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் ஜெர்மனி மேற்கில் தாக்கியது. பிரான்சின் சிறந்த படைகள் பெல்ஜியம் நோக்கி விரைந்தன. ஜெர்மானியக் கவசப்படையின் பெரும்பகுதியோ, கடத்தற்கரியது எனக் கருதப்பட்ட ஆர்டென் காட்டின் வழியே வந்து, மே 13ஆம் நாள் செடான் அருகே மூஸ் ஆற்றைக் கடந்தது. விமானங்கள் நாள் முழுதும் குண்டு பொழிந்தன. காலாட்படையினர் இரப்பர்ப் படகுகளில் ஆற்றைக் கடந்தனர். பொறியாளர் பாலம் அமைத்தனர். அதன்மேல் டாங்கிகள் உருண்டன. ஒரு வாரத்தில், மே 20ஆம் நாள், அவை கடற்கரையை எட்டிப் பிரெஞ்சு, பிரிட்டன் படைகளை இரண்டாகப் பிளந்தன.

எண்ணிக்கையில் பிரான்சின் டாங்கிகள் ஜெர்மனியின் டாங்கிகளுக்குக் குறைந்தவை அல்ல. அவற்றுட் சிலவற்றின் கவசத்தை ஜெர்மானியக் குண்டுகளால் எளிதில் துளைக்க முடியவில்லை. ஆயினும் அவற்றுள் பலவற்றில் வானொலிக் கருவி இல்லை. வழிகாட்டுதல், குண்டேற்றல், சுடுதல் ஆகிய மூன்று பணிகளையும் ஒருவரே செய்ய வேண்டியிருந்தது. தலைமைத் தளபதி கேமலினின் வான்சென் தலைமையகத்திலும் வானொலிக் கருவி இல்லை. ஆணை களத்தை அடைந்தபோது களமே மாறியிருந்தது. டி கோல் கேட்ட கவசப் படைப்பிரிவு ஒன்று அந்த மே மாதத்தில்தான் அவரிடம் அளிக்கப்பட்டது. ஜூன் 22ஆம் நாள் பிரான்ஸ் பணிந்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டது.

வேகம் தந்த மயக்கம்

இவ்வெற்றியை ஜெர்மனியின் முழுமையான ஆற்றல் எனக் கருதுவது பொருந்தாது. அதன் படைப்பிரிவுகளுள் பத்து மட்டுமே கவசப்பிரிவுகள். ஏனையோருள் பெரும்பாலோர் நடந்தே சென்றனர். அவர்களின் பீரங்கிகளைக் குதிரைகளே இழுத்தன. ஆறு வாரப் போரில் பலித்த வேகம், சோவியத் நாட்டின் நெடுந்தொலைவிலும் சேற்றிலும் பனியிலும் தளர்ந்தது. வென்ற பெருமிதத்தில் தன் எல்லையை மறந்த படையாக இப்போது ஜெர்மனி நின்றது. 1944ஆம் ஆண்டு கோடையில் சோவியத் படை, ஒரு காலத்தில் தான் அடக்கிய ஆழ்போர் முறையைக் கொண்டே ஜெர்மானிய நடுவண் படையைத் தகர்த்தது.

விரைந்து முடியும் போர் குறைந்த உயிர்களையே பலிகொள்ளும் எனப் புதிய முறையை வகுத்தோருள் சிலர் நம்பினர். நிகழ்ந்ததோ வேறு. இரண்டாம் உலகப்போர் ஆறு ஆண்டுகள் நீடித்து ஐந்து கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் படைக்கலம் ஏந்தாத மக்கள். முதற்போரில் பதுங்குகுழிகளோடு நின்ற அழிவு, வேகம் பெற்றபின் ஊர்களையும் நகரங்களையும் தேடி வந்தது.

பிரான்ஸ் கோழைத்தனத்தால் தோற்கவில்லை. ஜெர்மனி வீரத்தால் மட்டும் வெல்லவில்லை. கேள்வி கேட்பதை நிறுத்திய நாடு, வென்றதாயினும் தோற்றதாயினும், அதன் விலையைத் தன் இளைஞர்களின் உயிரால் செலுத்தியது. போர்முறையைப் பற்றி 21 ஆண்டுகள் ஆழ்ந்து சிந்தித்த நாடுகள், போரைத் தவிர்க்கும் முறையைப் பற்றி அதே ஆழத்தோடு சிந்திக்கவில்லை என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

சொற்பொருள்

அரண் – காவல் அமைப்பு. பின்புலம் – படையின் பின்னுள்ள பகுதி. பட்டறிவு – அனுபவம். நடுவண் – மையமான. களையெடுப்பு – வேண்டாதவர் எனக் கருதியோரை நீக்கி அழித்தல்.

கற்பவை கற்றபின்

1. 'தோல்வியே சிறந்த ஆசான்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட நிகழ்வுகளைக் காலவரிசையில் அட்டவணைப்படுத்துக.

மதிப்பீடு

குறுவினா
1. காம்ப்ரே தாக்குதலின் பயன் நிலைக்காமல் போனது ஏன்?
2. நொச்சி, உழிஞை – பொருள் தருக.

சிறுவினா
1. சீக்ட் அமைத்த குழுக்கள் ஆராய்ந்தவை யாவை?
2. ரேடாரின் வெற்றியில் கருவிக்கும் ஒழுங்கிற்கும் உள்ள பங்கினை விளக்குக.

நெடுவினா
1. டாங்கிகள் எண்ணிக்கையில் குறையாதிருந்தும் பிரான்ஸ் வீழ்ந்ததற்கான காரணங்களை ஆய்ந்து கட்டுரைக்க.