பனிமலை கடக்கும் மாயம்

மந்திரவாதி வெறுங்கையிலிருந்து புறாவை வரவழைக்கும்போது அவையோர் வாய்பிளந்து நிற்பர். அப்புறா ஒளிந்திருந்த இடம் தெரிந்துவிட்டால் வியப்பு அங்கேயே முடிந்துவிடும். இயற்கை காட்டும் மாயமோ காரணம் தெரியத் தெரிய வளர்வது. வரித்தலை வாத்தின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

வெண்ணிறத் தலையில் இரு கரும்பட்டைகள் கொண்ட இப்பறவை 2 முதல் 3 கிலோ எடையுடையது. மங்கோலியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் உள்ள ஏரிகளின் அருகே குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலம் நெருங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. குறுக்கே நிற்பது இமயமலை!

ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியே. அங்கு விரைந்து நடந்தாலே மனிதருக்கு மூச்சுத் திணறும். இவ்வாத்தோ கழுகைப் போலச் சிறகு விரித்து மிதப்பதும் இல்லை. ஓயாமல் சிறகடித்தே பறக்கிறது. கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, ஒரு பறவை 7,290 மீட்டர் உயரத்தை எட்டியது பதிவாயிற்று.

இதன் குருதியிலுள்ள ஈமோகுளோபின், சமவெளி வாத்துகளினுடையதைவிட இறுகப் பற்றி உயிர்வளியை ஏற்கும். நுரையீரலும் பெரிது. சிறகுத் தசைகளில் நுண்குழாய்கள் நெருக்கமாகப் பின்னியுள்ளன. மலையில் வீசும் காற்று உந்திச் செல்லட்டும் என்று இது காத்திருப்பதில்லை. காற்று அடங்கிய இரவையும் விடியலையும் தேர்ந்துகொள்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கதாதலால் சிறகுக்கு நல்ல பிடிப்புக் கிடைக்கும். ஏறிய உயரத்திலேயே நிலைத்தும் பறப்பதில்லை. பள்ளத்தாக்கு வந்தால் தாழ்ந்து, மேடு வந்தால் மீண்டும் எழுகிறது. இது வீண் உழைப்பு எனத் தோன்றலாம். ஆனால், மெல்லிய காற்றில் தொடர்ந்து சிறகடிக்கும் உழைப்பு அதனினும் பெரிது. இக்கணக்கை அதற்குக் கற்பித்தவர் யார்?

தில்லியை அடுத்த சுல்தான்பூரிலும் இராசத்தானின் பரத்பூரிலும் இப்பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சில கூட்டங்கள் இன்னும் தெற்கே பறந்து, திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தை அடைகின்றன. குமரித் துறையிலிருந்து வடமலைக்குச் செல்லும் அன்னத்தை விளித்துப் பிசிராந்தையார் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. நெடுவழிப் பறவைகளைத் தமிழர் பண்டே கவனித்திருந்தனர்.

பறவைகள் அஞ்சும் என்பதால் கூந்தன்குளத்து மக்கள் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. பட்டாசு கேட்டு அடம்பிடிக்காத சிறுவர் எந்த ஊரில் உண்டு! ஆயினும், இவ்வழக்கத்தை ஊரார் காத்து வருகின்றனர். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்களுடைய வயலுக்கு உரமாகிறது. மழை பொய்த்துக் குளம் வற்றினால் பறவைகளுக்கு அங்கே இடமில்லை.

குளிர் குறைந்ததும் திரும்பும் பயணம் தொடங்கும். தெற்கிலிருந்து ஏறுவதே மிகக் கடினம். சமவெளியில் கிளம்பிய பறவை, ஏழெட்டு மணி நேரத்தில், இடையில் ஓய்வின்றிச் சிறகடித்தே இமயத்தைக் கடந்துவிடுகிறது.

சொற்பொருள்: உயிர்வளி – ஆக்சிஜன், குருதி – இரத்தம், விளித்து – அழைத்து, பண்டே – முற்காலத்திலேயே.

சிந்தித்து விடை எழுதுக:
1. வரித்தலை வாத்து இரவிலும் விடியலிலும் மலையைக் கடப்பது ஏன்?
2. நீ வாழும் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் பறவை ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.