ஒலிக்கோப்புகளும் அவற்றைப் படிக்கும் கருவிகளும்

மைசூரில் 1969ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் பொறுப்பில், பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைப் பதிவு செய்து காக்கும் திட்டம் 2013இல் தொடங்கப்பெற்றது. இம்மொழிகளுள் பலவற்றுக்கு எழுத்து இல்லை. முதியோரின் குரலே நூல். அக்குரலை எவ்வடிவிலான கோப்பாக வைத்தால் ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் கேட்க இயலும்? கையடக்க இசைக்கருவிகளின் வரலாறு இவ்வினாவுக்கு நல்ல விடை தருகிறது.

ஒலி எண்ணாதல்

குறுந்தகட்டின் முறைப்படி ஒலியலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் இரண்டு பைட். இரு தடங்களுக்குமாக வினாடிக்கு 1,76,400 பைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 63.5 கோடி பைட். வேவ் கோப்பில் பெரும்பாலும் இவ்வெண்கள் குறைக்கப்படாமலே வைக்கப்படுகின்றன. வினாடிக்கு 1,28,000 பிட் என அமைக்கப்பட்ட எம்.பி.3 கோப்புக்கு 5.76 கோடி பைட் போதும்; ஆனால் செவி எளிதில் உணராதவற்றை அது நீக்கிவிடுகிறது. ஃபிளாக் வடிவம் எதனையும் நீக்காது எண்களைச் சுருக்கி எழுதுகிறது.

கருவியும் மென்பொருளும்

கோப்பை மீண்டும் ஒலியாக்கும் பணி சில கருவிகளில் தனிச் சில்லுக்கு உரியது. ஆர்கோஸ் ஜூக்பாக்ஸ் அவ்வகையினது. அதன் சில்லு எம்.பி.3 கோப்புகளை ஒலியாக்குவதற்கென அமைந்தது. இக்கருவிக்காக 2001இன் இறுதியில் சுவீடனில் தொடங்கப்பெற்ற ராக்பாக்ஸ் என்னும் திறந்த மூலநிரல் மென்பொருள், பட்டியலையும் பிற வசதிகளையும் திருத்த முடிந்ததேயன்றிச் சில்லுக்குப் புதுவடிவம் கற்பிக்க முடியவில்லை. பின்னர் அது ஐரிவர் எச்120 போன்ற கருவிகளுக்கும் விரிந்தது. அவற்றில் முதன்மைச் செயலியே நிரலின்படி ஒலியாக்குகிறது. ஆதலால் நிரலைச் சேர்த்தவுடன் வோர்பிஸ், ஃபிளாக் முதலியன ஒலித்தன. பின்னக் கணக்கை விரைந்து செய்யும் உறுப்பு இல்லாத செயலிகளுக்கென, முழு எண்களைக் கொண்டே வோர்பிஸை ஒலியாக்கும் டிரெமர் என்னும் நிரல் உதவியது. 2012இல் வெளியான ஓபஸ் வடிவமும் பின்னர் ராக்பாக்ஸில் இடம்பெற்றது.

இஃது எங்ஙனம் இயன்றது? வடிவத்தின் இலக்கணம் வெளியிடப்பட்டு, நிரலும் யாவர்க்கும் திறந்திருந்தமையே காரணம். இலக்கணம் மறைக்கப்பட்ட வடிவமாயின், அதனை ஆக்கிய நிறுவனம் மறையும்போது பதிவும் ஊமையாகக்கூடும்.

களப்பணியாளர் கருதத்தக்கவை

திறந்த வடிவம் யாவும் முழுமையானது அன்று. வோர்பிஸும் ஓபஸும் திறந்தவையாயினும் ஒலியின் சில பகுதிகளை நீக்குவனவே. எனவே மூலப்பதிவை வேவ் அல்லது ஃபிளாக் வடிவிலேயே வைத்தல் வேண்டும். கேட்பதற்கும் அனுப்புவதற்கும் அதனின்று எம்.பி.3 அல்லது ஓபஸ் படி எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர் கரும்பலகையில் 68, 71, 69, 70 என எழுதுக. முதல் எண்ணையும் அடுத்தடுத்த வேறுபாடுகளையும் மட்டும் குறித்தால் 68, +3, −2, +1 எனச் சுருங்கும். மாணவர் மூல எண்களைப் பிழையின்றி மீட்பர். ஃபிளாக்கின் அடிப்படை இதனை ஒத்தது. அடுத்து, அவ்வெண்களை அண்மைப் பத்துக்குத் திருத்தி 70, 70, 70, 70 என எழுதி, மூலத்தை மீட்கச் சொல்க. எவராலும் இயலாது. பேசுவோர் மறைந்த மொழியின் பதிவில் இவ்விழப்பு நேரின், மீண்டும் சென்று பதிவதற்கு ஒருவரும் இரார் என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் நன்று.