கண்காணாப் பயிர்

மதுரை மாநகரின் தென்பால் அமைந்த ஊர் அவனியாபுரம். கோடையில் நீர் குறையுங்கால் அப்பகுதிக் கண்மாய்களில் பசிய படலம் படர்வதுண்டு. மக்கள் அதனைப் பாசி என்பர். பாசிகளோடு பாசியாக எண்ணப்படும் ஒருவகை நுண்ணுயிர் நீலப்பச்சை நுண்ணுயிராகும். பச்சையத்தின் துணையால் அது கதிரொளியைப் பெற்று, நீரையும் கரியமிலவாயுவையும் கொண்டு உணவு சமைத்துப் பிராணவாயுவை வெளிவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. வி. தேசிகாச்சாரி இவ்வினத்தை ஆராய்ந்து எழுதிய பெருநூல் 1959-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இவ்வினத்தார் நடுக்கடலிலும் வாழ்கின்றனர். அவருள் மிகச் சிறியது புரோகுளோரோகாக்கசு. சாலி சிசோம் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவர்களும் 1988-ஆம் ஆண்டில் இதனை உலகிற்கு அறிவித்தனர். தலைமயிர் ஒன்றின் குறுக்களவில் இவ்வுயிர்கள் நூறு வரிசையாக நிற்கலாம். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஓரிலட்சம் வரை இருத்தலும் கூடும்.

உருவில் ஒத்திருப்பினும் இவை மரபில் ஒத்தன அல்ல. ஓருயிரில் உள்ள மரபணுக்கள் ஏறத்தாழ 2,000. அவற்றுள் பாதியளவே குலம் முழுமைக்கும் பொதுவானவை. எஞ்சியவை உயிருக்கு உயிர் வேறுபடும். குலத்தின் மரபணு வகைகள் அனைத்தையும் தொகுப்பின் 80,000-க்கு மேற்படும் என்று அறிஞர் மதிப்பிடுவர். மனிதனுக்கோ ஏறத்தாழ 20,000 தாம்.

இவ்வேறுபாட்டின் பயன் யாது? மேட்டு நிலத்திற்கு வறட்சி தாங்கும் நெல்லையும், பள்ளத்திற்கு வெள்ளம் தாங்கும் நெல்லையும் உழவர் தேர்ந்து விதைப்பர். கடலிலோ அத்தேர்வை இயற்கையே செய்கிறது. மேற்பரப்பில் கடும் வெயிலைத் தாங்கும் வகை செழிக்கிறது. நூறு மீட்டருக்குக் கீழே மங்கிய நீலவொளியிலும் பிழைக்கும் வகை வாழ்கிறது. பருவம் மாறி ஒருவகை குன்றினும் மற்றொன்று பெருகுதலால் குலம் அழிவதில்லை.

உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நிகழ்கிறது. அப்பணியில் இச்சிற்றுயிரின் பங்கு பெரிது. ஆயினும், கடல்நீரின் வெப்பம் 28 பாகை செல்சியசைக் கடப்பின் இவை பெருகும் வேகம் குறைகிறது என்று 2025-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. பல்வகை மரபு குலத்தைக் காக்கும் அரண். எனினும், கடல் விரைந்து வெம்மையுறின் அவ்வரணும் தளரக்கூடும். ஒரே விதையை நம்பிய உழவன் ஒரு பஞ்சத்தில் அனைத்தையும் இழப்பான். பல்வகை உயிர்களைப் பேணுதலும், அவை வாழும் நீரையும் காற்றையும் கெடாது காத்தலும் மாந்தர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் கடமையாகும்.