எத்தனை பாகம் போதும்?

கேள்வி: சூப்பர் ஹீரோ படத்தை எத்தனை பாகம் வரை எடுக்கலாம்?

பதில்: நாயகனிடம் இழக்க ஏதாவது மிச்சமிருக்கும்வரை எடுக்கலாம். சாம் ரைமியின் 'ஸ்பைடர்மேன் 2' (2004) படத்தில், ஓடும் ரயிலை வலை வீசி நிறுத்திவிட்டு மயங்கிச் சரிகிறான் பீட்டர். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். இவ்வளவு சின்னப் பையனா என்று திகைக்கிறார்கள். முகமூடியைத் திருப்பித் தரும் சிறுவர்கள், யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். இரண்டாம் பாகம் எடுத்ததற்கு இந்த ஒரு காட்சியே போதும். 2007-ல் வந்த மூன்றாம் பாகத்திலோ வில்லன்கள் மூன்று பேர்; ஒருவர் கதையும் மனதில் ஒட்டவில்லை. நோலன் தன் பேட்மேனை மூன்றோடு நிறுத்தியது நல்ல முடிவு. அதற்காக மூன்றைச் சட்டமாக்கிவிடவும் மனமில்லை. ஹியூ ஜாக்மன் 2000-லிருந்து வுல்வரினாக நடிக்கிறார். அந்தப் படங்களில் ஆகச் சிறந்த 'லோகன்' வந்தது 2017-ல்தான்.