பதிவேட்டில் பெயரும் வகுப்பில் பிள்ளையும்

ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்த பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழிற்பேட்டைப் பிரதேசத்தில் சேர்ந்துவிட்ட பிறகு, சூரியோதயத்தை அல்ல, தொழிற்சாலைகளின் ஷிப்டு நேரத்தை அனுசரித்தே விழிக்கின்ற ஊராகிவிட்டது. முதல் ஷிப்டுக்குப் போகும் தாய், விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறாள். இரவு ஷிப்டு முடித்து வந்த தந்தை அயர்ந்து உறங்குகிறார். இவ்விருவருக்கும் இடையே, லைன் வீட்டின் ஒற்றை அறையில், நான்காம் வகுப்புப் படிக்கும் பெண், தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டு, கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று வாசலில் நிற்கிறாள். அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லையென்றால், அதைச் சோம்பல் என்று சொல்லுகிறவர்கள் அந்த வாசலைக் கண்டறியாதவர்கள்.

பிள்ளைகளின் பள்ளி வருகையைப் பற்றி ஜனங்களிடையே ஊறிப்போன நம்பிக்கைகள் சில உண்டு. அவற்றுள் மிகச் சாதுவாகத் தோன்றி மிகுதியாகக் கேடு செய்வது, “ஒரு நாள்தானே, அதனால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?” என்பதாகும். ஊர்த் திருவிழாவுக்கு ஒரு நாள், காதுகுத்துக்கு ஒரு நாள், தங்கைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள். ஒவ்வொன்றும் நியாயமான காரணமே. ஆனால் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 மணி நேரப் போதனையையும் குறைந்தபட்சமாக விதித்திருக்கிறது. மாதத்தில் 2 நாள் வராத குழந்தை, பத்து மாதத்தில் 20 நாள்களை, அதாவது பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. அதே வழக்கம் நீடித்தால், ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்குள் 100 நாள்கள், ஏறக்குறைய அரை வருஷப் படிப்பு, எவர் கண்ணிலும் படாமல் கழிந்துபோகிறது. சேர்ந்தாற்போல் அரை வருஷம் ஒரு பிள்ளையை நிறுத்திவைத்தால் ஊரே கேள்வி கேட்கும். உதிரி உதிரியாக நிறுத்தினால் கேட்பாரில்லை.

“ஒன்றாம் வகுப்பில் என்ன பெரிய படிப்பு?” என்று சொல்லுவதும் இதனோடு சேர்ந்ததே. உண்மையில், தவறிய பாடத்தைத் தானே படித்துக்கொள்ளும் சக்தி எட்டாம் வகுப்பு மாணவனுக்கு ஓரளவு உண்டு. எழுத்தே கூட்டத் தெரியாத குழந்தைக்கு அது அறவே கிடையாது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சொல்லிக்கொடுத்த இரண்டு நாள்களில் வராத சிறுவன், பின்பு ‘கெ’ என்பதையும் ‘கே’ என்பதையும் கண்டு மலைத்து, வாசிக்கச் சொன்னால் தலைகுனிந்து, வாசிக்கத் தெரியாத வெட்கத்தினாலேயே மறுநாளும் வராமல் நின்றுவிடுகிறான். கொரோனாக் காலத்தின் இடைவெளியை நிரப்பத் தமிழக அரசு 2022 ஜூன் மாதத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை ஆரம்ப வகுப்புகளிலேயே தொடங்கியது இதை உணர்ந்துதான்.

அடுத்த நம்பிக்கை, கேட்பதற்குச் சற்று வருத்தம் தருவது: “சோற்றுக்காகத்தான் வருகிறார்கள், படிப்பதற்கா வருகிறார்கள்?” என்பது. இதற்குச் சரித்திரமே பதில் சொல்லியிருக்கிறது. பிட்டி தியாகராயர் தலைமை வகித்த சென்னை மாநகராட்சி, 1920ஆம் ஆண்டில், ஒரு மாணவனுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது பரவியபோது, 1922–23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924–25இல் 1,671 ஆயிற்று. 1925இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டதும் தொகையும் இறங்கியது. பசித்த வயிறு பாடத்தைக் கேளாது என்ற பிரத்தியட்ச உண்மையை உணர்ந்தே காமராஜர் 1956இல் மதிய உணவையும், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவையும், மு.க. ஸ்டாலின் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவையும் தொடங்கிவைத்தனர். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகளில் 1,14,095 குழந்தைகளுக்குக் கிடைத்த அந்தக் காலை உணவு, 2023 ஆகஸ்டு முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

இந்த வட்டாரத்துக்கு அத்திட்டம் செய்யும் உபகாரம் விசேஷமானது. விடியுமுன் வேலைக்குப் போகும் தாய் அடுப்பு மூட்டவில்லையே என்று வருந்த வேண்டுவதில்லை; மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆக்கிய கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோடு பள்ளியிலேயே தட்டில் விழுகிறது. அதற்காகவே ஒரு குழந்தை ஓடிவருமானால், ஓடிவரட்டும். உண்டபின் அது வகுப்பில்தான் உட்காருகிறது. உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் ஆசிரியர் கற்பிக்க முடியும். உணவை நாடி வருவது இழுக்கு என்று கருதுகிறவர், வீட்டில் உண்டுவிட்டுப் பள்ளிக்குப் போன தம் பாக்கியத்தை மறந்தவர் என்பதே என் அபிப்பிராயம்.

ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இங்கே கட்டட வேலையும் தொழிற்சாலை வேலையும் செய்கிற குடும்பங்களிடையே, “டி.சி. இல்லை, ஆதார் இல்லை, ஜூன் மாதமும் கடந்துவிட்டது. இனி எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்?” என்ற அச்சம் நிலவுகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் இம்மூன்றுக்கும் இடம் வைக்கவில்லை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதையோ, வயதுச் சான்று இல்லாததையோ, பருவம் கடந்ததையோ காரணமாகக் காட்டிச் சேர்க்கை மறுத்தல் கூடாது. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. அச்சட்டம் சேர்க்கையோடு நில்லாமல், வருகையையும் படிப்பு நிறைவையும் உறுதி செய்யும் பொறுப்பை அரசின்மீது சுமத்துகிறது என்பதையும், பதிவேட்டில் பெயர் ஏறியதோடு காரியம் முடிந்ததென எண்ணுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

“நாலு போடு போட்டால் ஒழுங்காக வருவான்” என்பாரும் உளர். உடல் தண்டனையை அதே சட்டம் தடை செய்திருப்பது ஒருபுறமிருக்க, அடிக்குப் பயந்த பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பும். பள்ளிக்குப் போய்ச் சேராது.

செய்யத்தக்கது வேறு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென்பது விதி. ஆனால் வேலை நாளின் பிற்பகலில் கூடும் கூட்டத்துக்கு ஷிப்டில் நிற்கும் தாய் எங்ஙனம் வருவாள்? இவ்வூர்களில் அக்கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் கூட்டலாம்; மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டை, அதட்டுவதற்கன்றி விசாரிப்பதற்காக, பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர் எட்டிப் பார்க்கலாம்; சற்று வளர்ந்த குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்க்கத் துணை நிற்கலாம். அங்கன்வாடி திறக்குமுன் பஸ் ஏறவேண்டிய தாய்மாருக்காக, கைக்குழந்தையை விடியற்காலையிலிருந்தே ஏற்றுக்கொள்ளும் காப்பகம் ஒன்றைக் குடியிருப்புகளுக்கு அருகில் நடத்துவது, இங்குள்ள தொழிற்சாலைகள் கூடிச் செய்தால் எளிதில் முடியக்கூடிய காரியம்.